கதிர்வீச்சு சிகிச்சை: சில நிமிடங்களில் முடியும், பல வாரங்கள் நீளும்

புது தில்லி:
கதிர்வீச்சு சிகிச்சை என்று மருத்துவர் சொன்னதும், கதிர் பாயும்போது உடல் எரியுமோ என்று நோயாளி அஞ்சுகிறார். வீட்டுக் குழந்தைகளுக்கும் அது பரவிவிடுமோ என்று குடும்பத்தார் அஞ்சுகின்றனர். இவ்விரு அச்சங்களுக்கும் அடிப்படை இல்லை. அஞ்ச வேண்டியது சிகிச்சை பாதியில் நின்றுபோவதைத்தான்.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டதாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதேனும் ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படுகிறது.

முதல் நாளிலேயே சிகிச்சை தொடங்கிவிடுவதில்லை. முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து, கதிர் பாய வேண்டிய இடத்தை வரையறுக்கின்றனர். தோலில் அடையாளங்கள் இடப்படுகின்றன. குளிக்கும்போது அவற்றை அழித்துவிடக் கூடாது. வாய், தொண்டைப் புற்றுநோயாளிகளுக்குத் தலை அசையாதிருக்க, சூட்டில் இளகும் பிளாஸ்டிக் வலையால் முகமூடி செய்யப்படுகிறது. பற்களையும் முன்கூட்டியே பரிசோதிக்க வேண்டும். கதிரின் அளவைத் திட்டமிட மேலும் சில நாட்கள் ஆகும்.

சிகிச்சை அறையில் நோயாளி தனியே படுத்திருப்பார். வெளியிலிருந்து ஊழியர்கள் கேமரா வழியே கவனிப்பார்கள், ஒலிபெருக்கி வழியே பேசுவார்கள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். எக்ஸ்ரே எடுப்பதைப் போலவே இதிலும் வலி தெரியாது. வெளியிலிருந்து பாய்ச்சப்படும் கதிர் உடலில் தங்குவதில்லை. எனவே அன்றே குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

2010-இல் தில்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்கு வந்த கோபால்ட்-60 ஓர் உயிரைப் பறித்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அது கதிரியக்கப் பொருளைக் காப்பின்றிப் பிரித்ததன் விளைவு. மருத்துவமனைக் கருவிகளோ அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பில் இயங்குகின்றன.

<b>பக்க விளைவுகள்</b>

பக்க விளைவுகள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரங்களில்தான் தலைகாட்டும். கதிர் படும் இடத்தைப் பொறுத்து அவை மாறுபடும். தலையில் கதிர் பட்டால் மட்டுமே தலைமுடி உதிரும். வாய், தொண்டையில் பட்டால் புண், வறட்சி, சுவையின்மை தோன்றும். சிலருக்குக் குழாய் வழியே உணவு செலுத்த நேரிடும். இடுப்புப் பகுதியில் பட்டால் வயிற்றுப்போக்கும் சிறுநீர் எரிச்சலும் வரலாம். தோல் கறுக்கும், சோர்வு கூடும். சிகிச்சை முடிந்த சில வாரங்களில் இவற்றில் பெரும்பாலானவை தணியும். வாய் வறட்சி போன்ற சில மட்டும் நீடிக்கக்கூடும்.

இந்த நாட்களில்தான் பலர் மனம் தளர்ந்து ஊர் திரும்புகின்றனர். அது ஆபத்தானது. இடைவெளி விழுந்தால் புற்றணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்கும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு, உள்ளிருந்து அளிக்கும் கதிர்வீச்சையும் சேர்த்து, 8 வாரங்களுக்குள் சிகிச்சையை முடித்தாக வேண்டும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு வாரம் 5 நாட்களாக 6 முதல் 7 வாரங்கள் தேவைப்படும். நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்கள் இவை.

<b>கணக்கில் வராத செலவு</b>

2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. ஆனால் ஏழு வார அறை வாடகையையும், உடன் வந்தவர் இழக்கும் கூலியையும் அது ஈடுசெய்வதில்லை. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசி வகுப்பிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. வந்து இறங்கியபின் தங்குமிடம் தேடுவதுதான் பெரும்பாடு. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் எய்ம்ஸுக்கு வரும் பலர் நடைபாதையிலேயே இரவைக் கழிக்கின்றனர்.

ஹரியாணா மாநிலம் ஜஜ்ஜரில் 2019-இல் எய்ம்ஸின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் திறக்கப்பட்டது. அங்கு 806 படுக்கைகள் கொண்ட தங்கும் விடுதி 2021-இல் திறக்கப்பட்டது. பிற மையங்களும் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி இது. மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்றாண்டுகளில் புற்றுநோய் பகல்நேர சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. கீமோதெரபிக்கு அவை உதவும். கதிர்வீச்சுக்கோ கருவியும், தடித்த சுவர்கள் கொண்ட அறையும், மருத்துவ இயற்பியலாளரும் தேவை.

கருவிகள் பெருகும்வரை நாட்களைக் குறைப்பதும் ஒரு வழி. மார்பகப் புற்றுநோய்க்கு 5 வாரங்களுக்குப் பதில் 3 வாரங்களே போதும் என்பது பலருக்கு நிறுவப்பட்டுவிட்டது. தகுந்த சிலருக்கு ஒரே வாரத்தில் முடிக்கலாம் என்று 2020-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. எலும்புக்குப் பரவிய நோயின் வலியைத் தணிக்கப் பெரும்பாலும் ஒரே தவணை போதும்.

எத்தனை நாட்கள், குறுகிய கால முறை பொருந்துமா, கருவி பழுதானால் மாற்று ஏற்பாடு என்ன என்பவற்றை முதல் நாளிலேயே கேட்பது நோயாளியின் உரிமை. எத்தனை பேர் சிகிச்சையைத் தொடங்கினர் என்பதோடு, எத்தனை பேர் முடித்தனர் என்பதையும் அரசு கணக்கெடுத்து வெளியிட வேண்டும்.