வீட்டுச் சங்கீதமும் ஆம்ப்ளிஃபயரும்

காந்தலூர் மலைக்கு ரயில் கிடையாது. ரயில் உத்தியோகத்திலிருக்கும் நாம் விடுமுறைக்கே அங்கு ஏறுகிறோம். ஒருமுறை தந்தையாருக்கென ஒரு ஜோடி ஸ்பீக்கரும் மலிவான ஆம்ப்ளிஃபயரும் கொண்டு சென்றோம். ஸ்பீக்கர் 4 ஓம். கருவியின் முதுகிலோ 8 ஓமுக்குக் குறையலாகாதென்று அச்சிட்டிருந்தது. நாம் அதைப் படிக்கவில்லை. ஓம் குறையக் குறைய மின்னோட்டம் மிகும். இரண்டாம் நாள் கருவி கொதித்து அணைந்தது. அரை மாதச் சம்பளம் போயிற்று!

ஆகவே அன்பர்கள் முதலில் ஓமைப் பார்க்க வேண்டும். அடுத்தது ஸ்பீக்கரின் உணர்திறன். 1 வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தருவது, 90 டெசிபலுக்கு 2 வாட், 99 டெசிபலுக்கு 16 வாட் கேட்கும். மூன்று டெசிபலுக்கொரு முறை வாட் இரட்டிக்கிறது.

இனி ருசி. பாலக்காட்டு மஞ்சப்பராவில் 1923-இல் பிறந்த எம். டி. ராமநாதனின் தாழ்ந்த சுருதி, நிதானமான பாட்டுக்குச் சில வாட்டுகளே போதும். ஆனால் பாலக்காடு மணி அய்யரின் (1912–1981) மிருதங்கத்தில் ஒரு கணத்து வீச்சுக்குப் பன்மடங்கு சக்தி வேண்டும்; கையிருப்பு இல்லையேல் நாதம் கிழியும், உயர்ஒலி ஸ்பீக்கரும் கருகக்கூடும். சிறிய கூடத்துக்குச் சானலுக்கு 40 வாட் தாராளம் என்பது நம் அபிப்பிராயம்.

திருவிழாக் குழாய் ஸ்பீக்கருக்கான 100 வோல்ட் முனையில் வீட்டு ஸ்பீக்கரை ஒருபோதும் இணைக்கலாகாது.

இப்போதுள்ள கருவி 4 ஓமுக்கு உகந்தது. தந்தையார் குமிழைக் கால்வாசிகூடத் திருப்புவதில்லை.