எண்ணெய் குடித்தால் எடை குறையுமா?

ஆந்திராவில் குடியிருக்கிற நம் தமிழ்க் குடும்பங்களுக்கு விஜயவாடாப் பக்கமிருந்து கிளம்பிய இரண்டு உணவு உபதேசங்கள் நன்றாகத் தெரிந்திருக்கும். ஒருவர் மந்தென சத்தியநாராயண ராஜு. உப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருபவர். மற்றவர் வீரமாச்சநேனி ராமகிருஷ்ணா. இவர் மருத்துவர் அல்லர். 2017, 2018 வாக்கில் தெலுங்கு தேசம் முழுக்க இவர் பேச்சுத்தான். அரிசியை விடு, தினம் 70 முதல் 100 கிராம் வரை தேங்காய் எண்ணெயோ நெய்யோ உள்ளே தள்ளு, எலுமிச்சம்பழம் மூன்று, தண்ணீர் நாலு லிட்டர், வைட்டமின் மாத்திரை இரண்டு என்பது அவர் கணக்கு. டாக்டர்கள் பலர் எதிர்த்தார்கள். ஜனங்கள் கேட்கவில்லை. நாகலாபுரத்தில் என் கடையில் அந்த வருஷம் தேங்காய் எண்ணெய் போன வேகத்தை வியாபாரி என்ற முறையில் நான் குறை சொல்லக்கூடாது. அதே சமயம் ஊத்துக்கோட்டை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனால் நியாண்டர் செல்வன் பரப்பிய பேலியோ. சம்பந்தி வீட்டார் இரு தரப்பும் கல்யாணப் பந்தியில் சோற்றைத் தள்ளிவைத்த காட்சியெல்லாம் நடந்தது.

எண்ணெயே கூடாது என்றவராலும் எடை குறைந்தவர்கள் உண்டு, எண்ணெயைக் குடி என்றவராலும் குறைந்தவர்கள் உண்டு. நேர் எதிரான இரண்டும் எப்படிப் பலித்தன என்பதை யோசித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

முதலில் கீட்டோ என்றால் என்ன என்று பார்ப்போம். நம் உடம்பு வழக்கமாக மாவுச்சத்திலிருந்து வரும் சர்க்கரையை எரித்து ஓடுகிறது. அது வருவது நின்றால், கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன் என்னும் பொருள்களைச் செய்கிறது. மூளைகூட அதைக்கொண்டு ஓடும். பட்டினியிலும் இதேதான் நடக்கிறது. எங்கள் சமணக் குடும்பங்களில் உபவாசம் பழக்கமான ஒன்று. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து உண்ணாதிருப்பவர் வாயில் புளித்த பழம் மாதிரி ஒரு வாடை வரும். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் உள்ள அசிட்டோன்தான் அந்த வாடை. உண்ணாநோன்பில் காக்காய் வலிப்பு அடங்குவதைக் கண்ட மருத்துவர்கள், சாப்பிட்டுக்கொண்டே அந்த நிலையை வரவழைக்க முடியுமா என்று தேடினார்கள். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் 1921இல் அதற்கு உணவு வகுத்துக் கீட்டோஜெனிக் என்று பெயரும் வைத்தார். மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் டாக்டர் மேற்பார்வையில் இது கொடுக்கப்படுகிறது. ஆகவே இதன் பிறப்பு எடைக்காக அல்ல, வைத்தியத்துக்காக. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீட்டோன் உண்டாக நாளொன்றுக்கு மாவுச்சத்து ஏறக்குறைய 50 கிராமுக்குள், பலருக்கு 20, 30க்குள், நிற்க வேண்டும். 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. அதாவது ஒரு கைப்பிடி அரிசியைப் பொங்கினாலே அன்றைய கணக்கு முடிந்தது. பருப்பிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். இட்லி, ரொட்டி, வாழைப்பழம், பாலில் போடும் சர்க்கரை எல்லாம் போயிற்று. அசைவர்கள் கறி, மீன், முட்டையை வைத்துச் சமாளிக்கலாம். முட்டையும் தொடாத எங்களைப் போன்றவர்களுக்குப் பனீர், தேங்காய், பாதாம், கீரை என்று பட்டியல் சட்டென்று முடிந்துவிடும். புரதம் போதாமல் போகும். அப்போது கரைவது கொழுப்பு மட்டுமல்ல, சதையும்தான்.

எடை குறைகிறதா? குறைகிறது. ஆனால் முதல் பத்து நாளில் தராசு காட்டுவதை நம்பாதீர்கள். ஈரலிலும் தசையிலும் அரைக் கிலோ அளவுக்குச் சர்க்கரை கிளைக்கோஜன் என்ற உருவில் சேமிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரைந்ததும் தண்ணீர் வெளியே போகிறது. ஒரு வேளை விருந்து சாப்பிட்டால் திரும்பி வருகிற எடை இது. பிறகு நடப்பது வரவு செலவுக் கணக்கு. 100 கிராம் எண்ணெய் 900 கலோரி. அதோடு சூப்பும் எலுமிச்சைச் சாறும் மட்டும் என்றால், நாள் முழுக்க ஆயிரம் கலோரிதான் உள்ளே போகிறது. இது எண்ணெய் பூசிய பட்டினி. கீட்டோன் பசியை அடக்குவதால் அந்தப் பட்டினி தெரிவதில்லை, அவ்வளவே. எண்ணெய் வேண்டாம் என்ற பெரியவரின் வழியிலும் குறைவது இந்த வரவுதான்.

ஓராண்டு கழித்து என்ன ஆகிறது என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2013இல் 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஓராண்டோ அதற்கு மேலோ ஆனபின், கொழுப்பைக் குறைத்தவர்களைவிடக் கீட்டோக்காரர்கள் கூடுதலாக இழந்தது சராசரி ஒரு கிலோகூட இல்லை. 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை வைத்துச் செய்த ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் ஓராண்டில் 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இறங்கினார்கள். பெரிய வித்தியாசம் என்று சொல்ல இடமில்லை. எதை விடாமல் கடைப்பிடிக்க முடிகிறதோ அது பலிக்கிறது.

இனி ஆபத்தைப் பார்ப்போம். முதல் வாரத்துத் தலைவலி, சோர்வு, கால் பிடிப்பு, மலச்சிக்கல் எல்லாம் பெரும்பாலும் உப்பும் நீரும் வெளியேறுவதால் வருபவை. சிலருக்கு எல்.டி.எல். கொழுப்பு கடுமையாக ஏறுகிறது. சிறுநீரகக் கல் வரலாம். இவை ஒரு பக்கம் இருக்கட்டும். நம் வீடுகளில் நான் அஞ்சுவது வேறொன்றை.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் தாமாகவே இதில் இறங்குவதுதான் அது. இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுத்துக்கொண்டு சோற்றை நிறுத்தினால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து மயக்கம் வரும். இதுவாவது பலருக்குத் தெரியும். தெரியாதது ‘ஃப்ளோசின்’ என்று பெயர் முடிகிற மாத்திரைகள்: டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின், கானாக்ளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும் நல்ல மருந்துகள். டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை 2020 அக்டோபரில் இந்தியாவில் முடிந்தபின் விலை இறங்கி, சின்ன ஊர் மருந்துக்கடைகளுக்கும் வந்துவிட்டது. வேறு மாத்திரையோடு சேர்ந்து வேறு பெயரிலும் வரும், அட்டையின் பின்பக்கம் படித்தால்தான் தெரியும். இதைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தையும் அறவே நிறுத்தினால், கீட்டோன் அளவு மீறி இரத்தம் அமிலமாகிவிடக்கூடும். கீட்டோஅசிடோசிஸ் என்கிறார்கள், உயிரைக் குடிக்கும். கொடுமை என்னவென்றால், வீட்டுக் கருவியில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது. 180 என்று காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வந்தாலும், “டயட் ஆரம்பத்துல இப்படித்தான் இருக்குமாம்” என்று படுத்துக்கொள்வார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015 மே மாதமே இந்த மருந்துகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. இந்த அறிகுறி கண்டால், கருவி என்ன காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், மாத்திரை பெயரைச் சொல்லி, இரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டு டயட்டில் இறங்குவதும் சரியல்ல. எந்த மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்பதை எழுதிக்கொடுத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கும் இதே நியாயம். சிறுவயதிலேயே வந்து இன்சுலினை நம்பி வாழும் முதல்வகைச் சர்க்கரைக்காரர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுநீரகமோ கல்லீரலோ கணையமோ பழுதானவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தைப் புரட்டினால், ஆறு பாட்டு உண்ணும் அளவையும் செரிமானத்தையும் பேசுகிறது, கடைசி மூன்று வைத்தியம் செய்யும் முறையை. நம்மவர்கள் ஆறைப் பிடித்துக்கொண்டு மூன்றை விட்டுவிடுகிறார்கள்.

அரிசி குற்றவாளி இல்லையா என்று கேட்பீர்கள். அளவில் குற்றம் உண்டு. நாடு தழுவிய ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின்படி நாம் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. சென்னையில் டாக்டர் மோகன், டாக்டர் அஞ்சனா குழுவினர் 2022இல் கணக்கிட்டுச் சொன்னது, அதைப் பாதியளவுக்குக் கொண்டுவந்து புரதத்தை 20 சதவீதத்தை ஒட்டி ஏற்றினால் சர்க்கரைக்காரர்களுக்கு நல்ல பலன் என்பதே. கீட்டோவில் மாவுச்சத்து 10 சதவீதத்தைத் தாண்டாது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள். மூன்று கரண்டிச் சோறு இரண்டாகட்டும். சாம்பாரில் பருப்பு கெட்டியாகட்டும். தயிரோ சுண்டலோ ஒரு கிண்ணம், பொரியல் இரண்டு பங்கு, ராத்திரிச் சாப்பாடு விளக்கு வைப்பதற்கு முன்.