செப்பு மோதிரம் செய்தல்

செப்பு மோதிரம் என்பது செப்புக் கம்பியை அல்லது தகட்டை வளைத்து, முனைகளைப் பற்றவைத்துச் செய்யப்படும் விரலணி ஆகும். இதற்கெனத் தனிப் பட்டறை தேவையில்லை. தேனி மாவட்டத்தின் கூடலூர் போன்ற சிறு நகரங்களில், பொன், வெள்ளி வேலைக்காகப் பொற்கொல்லர் வைத்திருக்கும் பட்டடை, சுத்தியல், குறடு, அரம், ஊதுகுழல் ஆகியவையே போதுமானவை. செம்பு விலை குறைந்தது என்பதால் தொழில் பழகுவோர்க்கும் ஏற்றது.

அளவு கணித்தல்

வளைக்கும்போது கம்பியின் உட்புறம் சுருங்கும், வெளிப்புறம் நீளும், நடுப்பகுதி ஏறத்தாழ மாறாது. எனவே வெட்ட வேண்டிய நீளத்தைக் கணிக்க, உள்விட்டத்துடன் கம்பியின் தடிப்பைக் கூட்டி 3.14 ஆல் பெருக்க வேண்டும். உள்விட்டம் 18 மில்லிமீட்டர், தடிப்பு 1.5 மில்லிமீட்டர் எனில் நீளம் சுமார் 61 மில்லிமீட்டர் ஆகும். தடிப்பைக் கூட்டாமல் வெட்டினால் உள்விட்டம் 16.5 மில்லிமீட்டராகக் குறைந்து, மோதிரம் விரலில் நுழையாது.

பதப்படுத்தல்

செம்பை அடிக்க அடிக்க, வளைக்க வளைக்க அது கடினமாகும். தொடர்ந்து அடித்தால் வெடிப்பு விழும். ஆகவே இடையிடையே மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கி மென்மையாக்குவர். சிவக்கச் சுட்ட எஃகை நீரில் தோய்த்தால் கடினமாகும். செம்பு அவ்வாறு ஆவதில்லை. எனவே சுட்டவுடன் நீரில் இடலாம்.

பற்றவைத்தல்

மோதிரத்தின் உறுதி இணைப்பைப் பொறுத்தது. முனைகள் இரண்டும் ஒளி புகாதபடி பொருந்துமாறு அராவப்படும். உருகிய பற்றாசு நுண்ணிய இடுக்கில் ஈர்க்கப்பட்டுப் பாயும். அகன்ற இடைவெளியை நன்கு நிரப்பாது. வெங்காரம் பூசுவதால் சூட்டில் ஆக்சைடு படிவது தடுக்கப்படும். செம்பு 1085 பாகை செல்சியசில் உருகும். வெள்ளி கலந்த பற்றாசு அதனினும் குறைந்த வெப்பத்தில் உருகுவதால் மோதிரம் சிதைவதில்லை. செம்பு வெப்பத்தை விரைந்து கடத்துவதால் இணைப்பை மட்டுமன்றி மோதிரம் முழுவதையும் சூடாக்க வேண்டும். காட்மியம் கலந்த பற்றாசைத் தவிர்க்க வேண்டும். அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

மெருகூட்டல்

பற்றவைத்த மோதிரம், ஒரு முனை சிறுத்த உருண்டை இரும்புக் கழியில் கோக்கப்பட்டு, மரச்சுத்தியலால் தட்டி வட்டமாக்கப்படும். கரிய படிவை நீர்த்த கந்தக அமிலம் நீக்கும். செப்புப் பாத்திரம் துலக்குவது போலப் புளியும் உப்பும் இட்டும் தேய்க்கலாம். பின்னர் அரத்தாலும் உப்புத்தாளாலும் மழமழப்பாக்குவர்.

அணிதல்

வியர்வையுடன் செம்பு வினைபுரிந்து உண்டாகும் உப்புகளால் விரலில் பச்சை நிறம் படியலாம். இது பொதுவாகத் தீங்கற்றது, கழுவினால் நீங்கும். செம்பு அணிந்தால் மூட்டுவலி தீரும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. முடக்குவாதம் கொண்ட 70 பேரிடம் செப்புக் காப்புகளைக் கொண்டு பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வில், போலி மருந்து விளைவைவிடக் கூடுதல் பயன் காணப்படவில்லை. ஆகவே செப்பு மோதிரத்தை அணியாகக் கொள்வதே பொருத்தமாகும். மருந்துக்கு மாற்றாகக் கொள்ளலாகாது.