உஷார்! உங்கள் மோவர் டயரில் காற்று இறங்குகிறதா?

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கரில் வீடு வாங்கியிருக்கிறீர்களா? புல் வெட்ட, உட்கார்ந்து ஓட்டும் ரைடிங் மோவரும் ஷெட்டில் நிற்கிறதா? சனிக்கிழமை காலை அதில் ஏறுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது ஓட்டினால் அவரையும் படிக்க வையுங்கள்.

'பஞ்சர்தானே, ஒட்டிக்கொள்ளலாம்' என்று அலட்சியமாக இருக்காதீர்கள்.

சரிவில் டயர் காற்று போனால் வண்டியே கவிழும். அடியில் சுழல்வது பிளேடு!

டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வெளியே குடியிருக்கும் ஒருவருக்கு நடந்தது இது. பின்பக்க இடது டயரில் வாராவாரம் காற்று இறங்கியது. அவரும் கொஞ்சம் அடிப்பார், புல்லை வெட்டுவார், ஷெட்டில் விடுவார். ஏன் இறங்குகிறது என்று பார்க்கவே இல்லை. ஒரு நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவசரத்தில் காற்று அடிக்காமலே எடுத்துவிட்டார். கொல்லைப்புறத்து வடிகால் பள்ளத்தை ஒட்டிய சரிவில் குறுக்காக ஓட்டினார். பள்ளத்துப் பக்கம் இருந்தது அதே இடது டயர். பாரம் அதன்மேல் சாய்ந்ததும் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. மேட்டுப் பக்கம் தாவியதால் உயிர் தப்பினார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. மோவர் பள்ளத்தில் குப்புறக் கிடந்தது.

இருக்கையை விட்டு எழுந்ததும் பிளேடை நிறுத்தும் சுவிட்ச் அந்த வண்டியில் வேலை செய்தது. அதைத் தொந்தரவு என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள்!

டயரைப் பிரித்தபோது உள்ளே மெஸ்கீட் முள். ஒன்றல்ல, பல. டெக்சாஸில் பரவலாக நிற்கும் இந்த மரம் நம் ஊர் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். அந்த முள் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு எதிரியும் நமக்குத் தெரிந்ததுதான். நெருஞ்சி! அமெரிக்காவில் அதை 'கோட்ஹெட்' என்பார்கள். அரிசோனா, கொலராடோ, கலிஃபோர்னியா என்று வறண்ட பக்கமெல்லாம் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். ஐந்து இதழ் மஞ்சள் பூவைப் பார்த்து அழகாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் கூரான முள். மோவர் பிளேடுக்கு அது எட்டாது. டயரில் குத்திக்கொண்டு தோட்டம் முழுக்கப் பரவும். விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். இதை ஒழிக்கவென்றே 1961-ல் வெளிநாட்டிலிருந்து கூன்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்னும் ஒழிந்தபாடில்லை. அதனால் காய் பிடிக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் வேண்டாம்.

காற்று இறங்குவதை மோவர் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். நாம்தான் கவனிப்பதில்லை.

வெட்டிய புல் ஒரு பக்கம் குட்டையாக, மறுபக்கம் உயரமாக இருக்கிறதா? பிளேடு சரியில்லை என்று நினைக்கும் முன் டயரைப் பாருங்கள். ஸ்டியரிங் ஒரு பக்கமே இழுக்கிறதா? ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை தாழ்ந்து நிற்கிறதா? டயரின் பக்கவாட்டில் சுருக்கமோ வெடிப்போ இருக்கிறதா? சோப்புத் தண்ணீரை வால்வின் மேலும் ரிம் ஓரத்திலும் ஊற்றுங்கள். குமிழி வந்தால் அன்று வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்!

இந்த டயர்களுக்குத் தேவையான காற்று மிகக் குறைவு. வீட்டு மோவர்கள் பலவற்றில் முன்சக்கரத்துக்கு 14 பி.எஸ்.ஐ., பின்சக்கரத்துக்கு 10 பி.எஸ்.ஐ. அவ்வளவுதான். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று அதன் கையேட்டில் இருக்கும். காருக்கு அடிக்கிற 32-ஐ இதற்கும் அடித்துவிடாதீர்கள். டயர் கல்லாகி, பிடிமானம் போய், வண்டி துள்ளும். கார் டயர் கேஜ் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்தம் அளக்கும் கேஜ் தனியாகக் கிடைக்கிறது, வாங்கி வையுங்கள். வண்டியை ஓட்டுவதற்கு முன், டயர் சூடாகாதபோது அளந்து பாருங்கள்.

முள் உள்ள இடமென்றால், பஞ்சர் ஆகும் முன்பே டயருக்குள் சீலன்ட் திரவம் ஊற்றிவிடலாம். டயர் தேய்ந்திருந்தால் தடித்த, பல அடுக்கு டயராகப் பார்த்து மாற்றுங்கள். பக்கவாட்டில் கிழிந்த டயரை ஒட்டிச் சமாளிக்காதீர்கள்.

ரிம்மை விட்டுக் கழன்ற டயரை உட்கார வைக்க, எரியும் ஸ்பிரேயை உள்ளே அடித்துத் தீ வைக்கிறார்கள் சிலர். ஐயோ, வேண்டவே வேண்டாம்! டயர் வெடித்தால் முகமே போய்விடும். டயரைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்கிக் காற்று அடியுங்கள். 35 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாதீர்கள்; உட்கார்ந்ததும் கையேட்டு அளவுக்குக் காற்றை இறக்கிவிடுங்கள். அதிலும் உட்காரவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோங்கள்.

சரிவில் மேலும் கீழுமாக நேராக ஓட்டுங்கள், குறுக்காக வேண்டாம். 15 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இருந்தால் அங்கே இந்த வண்டியே வேண்டாம். ஈரப் புல்லிலும் வேண்டாம். பிள்ளையை மடியில் வைத்து ஒரு சுற்றுகூட வேண்டாம்.

டயரைக் கழற்றும்போது வண்டி சமதளத்தில் நிற்கட்டும். ஹேண்ட் பிரேக் போடுங்கள், ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்குங்கள், சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள். கனமான மரக்கட்டையை முட்டுக் கொடுத்த பிறகு நட்டில் கை வையுங்கள்.