கோழிக்குப் புண்ணாக்குப் போடலாமா?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கம் மரச்செக்குக் கடைகள் இருக்கின்றன. எண்ணெய் வாங்கப் போகிறவர்கள், பக்கத்தில் குவிந்து கிடக்கும் புண்ணாக்கை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது மாட்டுத் தீனி என்று நினைப்பு. கொல்லையில் நாலைந்து கோழி வளர்க்கும் குடும்பத்தார் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முட்டையிடும் பண்ணைக் கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 110 கிராம் தீனி தின்னும். அதில் 100க்கு 16 முதல் 18 பங்கு புரதச் சத்து வேண்டும். அடைத்து வைத்து வெறும் நொய்யும் தவிடும் போட்டால் கோழி உயிரோடு இருக்கும். முட்டைக் கூடைதான் காலியாக இருக்கும்.

நாமக்கல் போன்ற ஊர்களின் பெரிய பண்ணைகள் இந்தச் சத்துக்குச் சோயாப் புண்ணாக்கையே பெரிதும் நம்புகின்றன. 2021 ஆகஸ்டில் அதன் விலை கிலோ 100 ரூபாயை நெருங்கியது. பண்ணைக்காரர்கள் தவித்துப் போனார்கள். வெளிநாட்டிலிருந்து 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதி கொடுத்தது.

சோயா வருவதற்கு முன்பு நம் நாட்டுக் கோழிகள் தின்றது கடலைப் புண்ணாக்கைத்தான். அதில் 100க்கு 40 பங்குக்குக் குறையாமல் புரதம் உண்டு. ஆனால் புரதம் என்பது ஒரே பொருள் அல்ல. பல மணிகள் கோத்த மாலை. கடலையில் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு மணிகள் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் தாராளம். லைசினுக்குக் கருவாட்டுத் தூள் இருக்கிறது. ஆகவே இரண்டு பங்கு கடலைப் புண்ணாக்கு, ஒரு பங்கு எள்ளுப் புண்ணாக்கு, ஒரு பங்கு உப்பில்லாத கருவாட்டுத் தூள் என்று கலந்து, இதைப்போல் மூன்று, நான்கு மடங்கு சோளமும் தவிடும் சேர்க்கலாம். எள் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளும். கிளிஞ்சல் தூளை மறக்கக் கூடாது.

தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் பாதிதான், நாரும் அதிகம். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மிஞ்சினால், வைத்திருந்த முட்டையின் மஞ்சள் கரு பச்சை பாய்ந்து போகும். ஆமணக்குப் புண்ணாக்கு பக்கமே போக வேண்டாம். அது விஷம்.

கடலைப் புண்ணாக்கிலும் ஓர் ஆபத்து உண்டு. 1960-ம் ஆண்டு இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் திடீர் திடீரென்று செத்து விழுந்தன. சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கு மேல் போய்விட்டன. என்ன நோய் என்றே புரியவில்லை. கடைசியில் ஆராய்ச்சியாளர்கள் தீனி மூட்டையைப் பிடித்தார்கள். பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு! அதில் பூத்த பூசணம் ஒரு நஞ்சை விட்டிருந்தது. ஈரலைத் தின்னும் அந்த நஞ்சுக்கு ‘அஃப்ளாடாக்சின்’ என்று பெயர் வைத்தார்கள்.

நம் புறநகரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுச் சுவரே ஈரம் கசியும். அந்த நாளில் மூட்டையைத் தரையில் போட்டால் பூசணம் வராமல் என்ன செய்யும்? பலகை மேல் வையுங்கள். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் தங்கியிருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடையும் அடிக்கும். பத்துப் பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். உடைத்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் வேகவைத்தாலும் வெயிலில் போட்டாலும் நஞ்சு முழுதும் போகாது. வீணாகிறதே என்று பக்கத்து வீட்டு மாட்டுக்கும் கொடுத்து விடாதீர்கள். அது பாலில் இறங்கி உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும்.