பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு: யாருக்கு ஆபத்து அதிகம்?

'குழந்தை பிறந்த வீட்டுல எதுக்கு அழுகை?' பச்சை உடம்புக்காரியிடம் பலரும் கேட்பது இதுதான். ஆனா பதில் பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிரசவமான பெண்களில் சுமார் 13% பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது. அதில் முக்கியமானது மனச்சோர்வு. வளரும் நாடுகளில் இது 19.8%.

ஏன் இந்த வித்தியாசம்?

கோவாவில் நடத்தப்பட்டு 2002-ல் வெளியான ஆய்வில், பிரசவமாகி 6 முதல் 8 வாரமான தாய்மார்களில் 23% பேருக்கு மனச்சோர்வு இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை:

• பணக்கஷ்டம்
• கணவருடன் சரியில்லாத உறவு
• கர்ப்பத்தின்போதே இருந்த மனநலப் பிரச்னை
• பிறந்தது பெண் குழந்தை என்பது

ஆணா, பெண்ணா என்பதை முடிவு செய்வது அப்பாவின் குரோமோசோம். பேச்சு வாங்குவது மட்டும் அம்மா.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

பிரசவமான சில நாட்களில் வரும் அழுகை பொதுவாக 2 வாரத்தில் சரியாகிடும். அதைத் தாண்டியும் சோகம், குழந்தை தூங்கும்போதும் தூக்கமின்மை, குழந்தை மேல் ஒட்டுதல் இல்லாமை தொடர்ந்தால் தள்ளிப்போட வேண்டாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றைக்கே உதவி தேவை. டெலி மானஸ் 14416: இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.