கணிப்பொறி தீட்டும் நிலக்காட்சி

இயற்கையின் எழிலைக் கண்டு மகிழ்வதோடு அமையாது, அதனைத் தன் கையாலும் படைத்துப் பார்க்க விழைவது மனிதனின் இயல்பு. பண்டைக் காலத்தில் அவன் குகைச் சுவரில் விலங்குகளைத் தீட்டினான். பின்னர்ச் சீலையிலும் தாளிலும் மலையையும் கடலையும் வரைந்தான். ஒளிப்படக் கருவி தோன்றியபின் கண்டதைக் கண்டவாறே பதிந்துகொண்டான். இக்காலத்திலோ, எங்கும் இல்லாத மலையையும், எவரும் புகாத காட்டையும், காண்போர் உண்மையென்றே மயங்குமாறு கணிப்பொறியின் துணையால் படைக்கின்றான். திரைப்படங்களிலும், கணிப்பொறி விளையாட்டுகளிலும், கட்டடக் கலைஞர் காட்டும் படங்களிலும் இத்தகைய நிலக்காட்சிகள் மிகுதியாக இடம்பெறுகின்றன.

கணிப்பொறிக்கு மலை இன்னது, மரம் இன்னது என்னும் அறிவு இல்லை. நிலத்தின் மேடுபள்ளம், பாறையின் நிறம், ஞாயிறு நிற்கும் திசை, காண்பவன் நிற்கும் இடம் ஆகிய அனைத்தையும் எண்களாகவே அதற்கு அளித்தல் வேண்டும். அவ்வெண்களைக் கொண்டு, படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் எந்நிறம் எவ்வளவு ஒளியுடன் தோன்றும் என்று கணக்கிட்டு, அது படத்தை ஆக்குகின்றது. இச்செயலை அத்தொழில் வல்லார் ‘ரெண்டரிங்’ என்பர். அக்கணக்கு எவ்வளவு நுட்பமாக நிகழவேண்டும் என்பதை முன்னரே வரையறுக்கும் அளவுகள் பல உண்டு. பிளெண்டர், டெராஜென் முதலிய மென்பொருள்களில் அவை வரிசையாக அமைந்திருக்கும். எல்லா அளவுகளையும் உச்சத்தில் வைத்துவிட்டால் படமும் உயர்ந்துவிடும் என்று புதியவர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை இக்கலையின் தொடக்க வரலாறே விளக்கும்.

1970களின் இறுதியில், லாரன் கார்ப்பென்டர் என்பவர் அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரில் போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றினார். கணிப்பொறியில் விமானங்களின் படத்தை ஆக்கிய அவர், அவற்றின் பின்னே மலைகளும் தோன்றவேண்டும் என்று விரும்பினார். மலையின் ஒவ்வொரு மடிப்பையும் கையால் எண்ணாக்கி அளிப்பது ஆகும் செயலன்று. அந்நிலையில், மாண்டெல்பிராட் என்னும் கணித அறிஞர் ‘பிராக்டல்’ பற்றி எழுதிய நூல் அவருக்குத் துணையாயிற்று. மலையின் சிறு துண்டும் முழு மலையைப் போன்றே கரடுமுரடாக இருக்கும் என்பது அந்நூல் உணர்த்தும் கருத்துகளுள் ஒன்று. கார்ப்பென்டர் ஒரு முக்கோணத்தை எடுத்து, அதன் பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சிறிது மேலும் கீழும் நகர்த்தி, அதனை நான்கு சிறு முக்கோணங்களாகப் பகுத்தார். அந்நான்கையும் அவ்வாறே மீண்டும் பகுத்தார். பகுக்கப் பகுக்கத் தட்டையான முக்கோணம் மலையாயிற்று.

இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. அண்மையில் உள்ள பாறையைப் பலமுறை பகுத்தல் வேண்டும். தொலைவில் உள்ள குன்றைச் சிலமுறை பகுத்தாலே போதும். தொலைவிலுள்ள குன்றின் சிறு கல் படத்தில் ஒரு புள்ளி அளவுக்கும் தோன்றாதாகலின், அதனைக் கணக்கிடும் உழைப்பு வீணேயாம். தேவையான இடத்தில் மிகுதியும், தேவையற்ற இடத்தில் குறைவும் செய்தலே அம்முறையின் உயிர்.

கார்ப்பென்டர் தம் மலைகளை ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஓடும் குறும்படமாக்கி, 1980ஆம் ஆண்டில் சியாட்டில் நகரில் கூடிய கணிப்பொறி ஓவிய மாநாட்டில் காட்டினார். அதன் ஒவ்வொரு படத்தையும் ஆக்கக் கணிப்பொறிக்கு 20 முதல் 40 நிமிடம் வரை தேவைப்பட்டது. ஒரு படத்திற்கு அரைமணி நேரம் என்று கொண்டால், திரையில் ஒரு நொடி ஓடும் 24 படங்களுக்கு 12 மணி நேரம் ஆகும். அளவறியாது எல்லாவற்றையும் நுட்பமாகக் கணக்கிட முயன்றிருந்தால் மாநாட்டு நாளுக்குள் படம் முடிந்திராது. படத்தைக் கண்டோர் வியந்தனர். கார்ப்பென்டருக்கு லூகாஸ் பிலிம் நிறுவனத்தில் பணியும் கிட்டிற்று. 1982இல் வெளிவந்த ‘ஸ்டார் டிரெக்’ வரிசையின் இரண்டாம் திரைப்படத்தில் அவருடைய முறையால் ஒரு கோளின் மலைகள் உருவாயின. முதற் குறும்படத்தில் இல்லாத, விளிம்புகளை இழைக்கும் கணக்கும் இதில் சேர்க்கப்பட்டது.

அவ்விளிம்புக் கணக்கு இன்றும் இன்றியமையாத அளவுகளுள் ஒன்றாகும். படம் என்பது சிறு சதுரப் புள்ளிகளின் தொகுதியாதலால், சாய்ந்த மலைமுகடு படிக்கட்டுப் போலத் தோன்றும். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் பல இடங்களில் நிறத்தைக் கண்டு சராசரி எடுத்தால் அக்குறை நீங்கும். புல்லும் இலையும் நிறைந்த காட்சிக்கு இவ்வளவு மிகுதியாக வேண்டும். வெற்று மணல்மேட்டிற்குக் குறைவே போதும்.

அடுத்து வருவது ஒளிக்கதிர்களின் எண்ணிக்கை. இதனைச் ‘சாம்பிள்’ என்பர். கதிர்கள் குறைந்தால் நிழற்பகுதிகளில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். கதிர்களை இருமடங்காக்கினால் அப்புள்ளிகள் பாதியாகும் என்று எண்ணுதல் கூடாது. பாதியாக வேண்டுமாயின் கதிர்கள் நான்கு மடங்காதல் வேண்டும். ஒரு புள்ளிக்கு 100 கதிர் விட்ட இடத்தில் 400 வேண்டும். மேலும் பாதியாக்க 1,600 வேண்டும். நேரமும் ஏறத்தாழ அவ்வாறே பெருகும். படத்தின் பரப்பும் இத்தகையதே. 1,920க்கு 1,080 என்னும் அளவுடைய படத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன; இருபுறமும் இருமடங்காக்கினால் 80 இலட்சத்திற்கு மேற்படும். ஆதலின், கண்ணுக்குப் புலப்படும் குறை நீங்கியவுடன் நின்றுவிடுதலே அறிவுடைமை. எஞ்சிய புள்ளிகளைத் துடைக்கும் ‘டீநாய்சர்’ என்னும் கருவியும் உண்டு. அதனை மிகையாகக் கையாண்டால் புள்ளிகளோடு புல்லின் நுனியும் அழிந்து, நிலம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

இவற்றினும் சிறந்தவை, செலவு மிகாமல் உண்மைத் தோற்றம் தரும் அளவுகளாம். ஞாயிறு வானில் ஒரு புள்ளியன்று. ஏறத்தாழ அரைப் பாகை அகலம் உடையது. அதனால் பொருளுக்கு அருகில் கூர்மையாக இருக்கும் நிழல், விலக விலக ஓரம் மங்கும். 10 மீட்டர் தொலைவில் அம்மங்கல் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் அகலம் ஆகும். ஞாயிற்றின் அகலத்தைச் சுழியாக வைத்தவர் எத்தனை ஆயிரம் கதிர்களை விட்டாலும் கத்தரியால் வெட்டியது போன்ற நிழலையே பெறுவர். மேலும், திறந்த வெளியில் பகல்நிழல் முற்றும் கரியதன்று. வானின் ஒளி அதனுள் புகுதலால் சிறிது நீலம் பாய்ந்திருக்கும்.

காற்றின் அளவும் அத்தகையதே. காற்றின் நுண்துகள்கள் செவ்வொளியைக் காட்டிலும் நீல ஒளியையே மிகுதியாகச் சிதறச் செய்கின்றன என்பதை இராலே என்னும் இங்கிலாந்து அறிஞர் 1871இல் விளக்கினார். அதனாலேதான் தொலைமலைகள் வெளிறி நீலமாகத் தோன்றுகின்றன. மாலை ஞாயிறு சிவக்கின்றது. காற்றின் அடர்த்தியை விட்டுவிட்டால், பல கல் தொலைவிலுள்ள மலையும் மேசைமேல் வைத்த மண்பொம்மை போல் ஆகிவிடும். மிகுத்தாலோ காட்சி புகையில் மூழ்கிவிடும். நிலமும் பொழுதும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை. எப்பொழுது என்பதை முடிவு செய்யாமல் எந்நிலத்தையும் தீட்டவியலாது.

இனி, வேலைசெய்யும் முறையைக் காணலாம். கைதேர்ந்தவர் முதலில் சிறிய அளவில், குறைந்த கதிர்களோடு, நிறமில்லாத களிமண் உருப்போல ஒரு படத்தை எடுப்பர். அதில் மலையின் வடிவும் ஞாயிற்றின் திசையும் சரியாக அமைந்தனவா என்று பார்ப்பர். பின்னர்க் காற்றையும் நிறத்தையும் சேர்ப்பர். அடுத்து, அடர்ந்த நிழல், நீர்விளிம்பு, இலைச்செறிவு போன்ற அரிய பகுதிகளை மட்டும் சிறு துண்டாக முழு நுட்பத்தோடு சோதிப்பர். அங்குப் போதுமான அளவு எங்கும் போதும் என்று அறிந்த பின்னரே முழுப்படத்தை ஆக்கத் தொடங்குவர். இவ்வொழுங்கைப் பேணாதவர் உச்ச அளவுகளோடு இரவு முழுதும் கணிப்பொறியை ஓடவிட்டு, ஞாயிறு தவறான திசையில் நிற்பதை விடியலில் காண்பர். பிழையான காட்சியை நுட்பமாகக் கணக்கிட்டால், பிழை தெளிவாகத் தெரியுமேயன்றி நீங்காது.

எத்துணை விரைவான கணிப்பொறியாயினும் அது கூறியதைச் செய்யுமேயன்றி, எது போதும் என்று அறியாது. போதும் அளவை அறிவது, மலையின் நீலத்தையும் நிழலின் மங்கலையும் நேரில் நின்று பார்த்துப் பழகிய கண்ணே. ஆதலால், கணிப்பொறியில் நிலத்தைத் தீட்ட விரும்பும் மாணவர், அதன்முன் அமர்வதற்கு முன்னர், ஒரு காலைப்பொழுதும் ஒரு மாலைப்பொழுதும் வெளியே நின்று உண்மை நிலத்தை உற்றுநோக்குவாராக.